காண்போரும் தேடுவோரும்: தமிழ் இலக்கியத்திற் காளான் பற்றிய ஒரு நோக்கு

1

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களை இனங்கண்டு, தாவரவியற் பெயர்களோடு பொருத்திக் காட்டிய ஆய்வாளர் பலர். சங்கச் செய்யுள்களில் வரும் விலங்குகள், பறவைகள், மீன்கள் ஆகியன பற்றியும் தனித்தனி ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயின், இலையும் மலரும் கனியும் இல்லாத காளான் நமது விமரிசகரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்ததில்லை. சங்கப் புலவரோ காளான் 'பூத்தது' என்றே கூறினர். மலரே இல்லாத ஒன்றைப் பூத்ததாகக் கூறிய அப்புலவர் உள்ளத்தை ஆராய்வது, சொல்லாராய்ச்சி என்ற அளவில் நின்றுவிடக் கூடியதன்று. காளானைக் கண்டவர் யார், தேடியவர் யார், உண்டவர் யார் என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, இலக்கியத்துக்கும் உழைப்புக்கும் இடையிலுள்ள தொடர்பு பற்றிய ஒரு பெரிய வினாவுக்கு நாம் வந்து சேர்கிறோம்.

இவ்வினாக்கள் நூலகத்தில் எழுந்தவையல்ல. மாத்தளை நகருக்கு மேற்கே, குருநாகல் மாவட்ட எல்லையை நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்துள்ளது யட்டவத்த. தேயிலையே முற்றாக ஆட்சிசெய்யும் உயர்மலைப் பிரதேசம் அன்று இது. இறப்பர், கொக்கோ, மிளகு, தென்னை ஆகியனவும் சிங்களக் கிராமங்களும் வயல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடைநிலம் இது. ஐப்பசி மாதத்தில், இரவெல்லாம் இடியோடு மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், இறப்பர்த் தோட்டத்து முதிய பெண்ணொருவரோடு அங்குள்ள காட்டோரமாக நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. லயத்தில் உள்ளோர் அவரை 'அம்மாயி' என்று அழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன்.

மழை பெய்த காலையில் இறப்பர் மரத்திற் பால்வெட்டுவது இயலாது. பட்டை நனைந்திருந்தால் வடியும் பால் வெட்டுவாயில் நில்லாது சிதறிப்போகும். பால்வெட்டு இல்லையெனிற் 'பேர்' இல்லை. பேர் விழாத நாளிற் கூலியும் இல்லை. பெரட்டுக்களம் வரை சென்று வெறுங்கையோடு திரும்பும் அந்தக் காலைப்பொழுதே, அவர் வாழ்நாள் முழுவதும், காளான் தேடும் பொழுதாக இருந்துவந்தது. "பேரு இல்லாத அன்னைக்குத்தான் தம்பி காளான் மொளைக்கும்" என்று அவர் கூறியது, இக்கட்டுரைக்குத் தொடக்கமாக அமைந்தது.

அவர் நடந்த முறை கவனிக்கத்தக்கது. காடெங்கும் கண்ணை ஓடவிட்டு அவர் தேடவில்லை. சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் கண்ட இடங்களை மனத்திற் கொண்டு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நேராகச் சென்றார். கண்ட காளானைப் பறித்தெடுக்காமல், கைக்கம்பினாற் சுற்றிலும் மண்ணைக் கிளறி, நிலத்துள் ஆழ இறங்கும் அதன் நீண்ட வேர்போன்ற அடித்தண்டை உடையாமல் எடுத்தார். அத்தண்டு மண்ணுக்குள்ளிருக்கும் கறையான் புற்றுவரை செல்வது. முகர்ந்து பார்த்தார், குடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னரே மடியில் இட்டார். புல்வெளியில் வெண்குடை விரித்து நின்ற வேறொன்றை, "அது நாய்க்கொடை" என்று சுட்டிக் கடந்து சென்றார். ஒரே அடையாளத்தை நம்பி எடுப்பது மரணத்தை அழைப்பதாகும் என்பதை அறிந்தவரின் நிதானம் அது. எடுத்த இடத்தை மண்ணால் மூடினார். கிராமத்துப் பக்கமிருந்து வந்த சிங்களப் பெண்ணொருவர், எந்தப் பக்கம் வெறுமையாயிற்று என்று அவரிடம் கேட்டறிந்து வேறு திசையிற் சென்றார். ஒருவர் 'காளான்' என்றார், மற்றவர் 'ஹத்து' என்றார். இருவர் தேடியதும் ஒன்றே.

மழை, பசி, நினைவு, நுண்ணறிவு, அயலுறவு ஆகிய இத்தனையும் ஒருங்கே அமைந்த இத்தேடல் நமது இலக்கியத்தில் எவ்விடத்தில் உள்ளது என்பதே இனி ஆராயப்படுவது.

2

காளானைக் குறிக்கும் பழைய சொல் 'ஆம்பி' என்பதாகும். 'காளாம்பி' என்ற வடிவமும் உண்டு. இச்சொற்கள் பயின்றுவரும் மூன்று சங்க இலக்கிய இடங்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்று 164ஆம் செய்யுள். நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் வாழ்ந்த குமணனிடம், புலவர் தம் வீட்டு நிலைமையைக் கூறுகிறார். சமைத்தலையே மறந்துபோன அடுப்பிற் காளான் பூத்துள்ளது. தாயின் மார்பிற் பாலின்றிக் குழந்தை அழுகிறது, அவளோ கண்ணீர் மல்க அதன் முகம் நோக்குகிறாள். நெருப்பு எரியவேண்டிய இடத்தில் ஈரம் குடிகொண்டது என்பதற்குக் காளானே சான்று. வறுமையைக் கூற இதனினும் சுருக்கமான படிமம் தமிழில் அரிது.

இரண்டாவது, நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுவரும் பாணன், முன்னைய வறுமையை நினைவுகூர்கிறான். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பாலில்லாமையாற் குட்டிகள் வாய்வைப்பதைப் பொறாது குரைக்கிறது. கூரை மரங்கள் கட்டுவிட்டுச் சரிகின்றன. பழஞ்சுவரைக் கறையான் கூட்டம் அரித்து உதிர்த்த புழுதியிலே, உட்டுளை உடைய காளான் பூத்துள்ளது. அவ்வீட்டில், பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, வறுமையின் இயல்பறியாதோர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு உண்கிறாள்.

மூன்றாவது, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. இங்கு நிலைமை நேர்மாறானது. முல்லைநிலத்து ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள். பிரையிட்டு உறைந்த தயிரின் கட்டிகள் வெண்ணிறக் காளான் மொட்டுகளை ஒத்திருக்கின்றன என்று புலவர் கூறுகிறார். அடுப்பின் வெறுமைக்குச் சான்றாக நின்ற அதே பொருள், இங்குப் பாற்பானையின் நிறைவுக்கு உவமையாகிறது.

இம்மூன்றையும் ஒருசேர நோக்குமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, காளானுக்கு இயல்பாக அமைந்த இலக்கியப் பொருள் எதுவும் இல்லை. கன்றுகாலியுடைய முல்லைநிலக் குடும்பத்திற் காளான் அழகுப்பொருள், உடைமை ஏதுமில்லாது புரவலனையே நம்பி வாழும் பாணர் குடும்பத்தில் அது அழிவின் அடையாளம். சங்ககாலத்துத் திணைகளை, ஒரே காலத்தில் வெவ்வேறு நிலைகளில் நின்ற சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாகக் காணவேண்டும் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய கட்டுரையில் வாதிட்டார். காளான் என்ற சிறு பொருளிலும் அச்சமனின்மை பதிந்திருப்பதைக் காண்கிறோம்.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. இம்மூன்று இடங்களிலும் காளான் காணப்படுகிறதேயன்றித் தேடப்படுவதில்லை. சிறுபாணாற்றுப்படையை மீண்டும் நோக்குவோம். வீட்டுச் சுவரிலே காளான் உண்டு, ஆயின் கிணைமகள் அதை எடுப்பதில்லை. அவள் விரல் நாடிச் செல்வது வேளைக்கீரையை. காளான் புலவரின் கண்ணுக்கு உரியது, கீரை பெண்ணின் கைக்கு உரியது. வறுமையைப் புரவலன் முன் எடுத்துரைத்தற்குக் காளான் பயன்பட்டது. வறுமையைத் தாங்கிக் கடப்பதற்குக் கீரை பயன்பட்டது. செய்யுளின் பேராற்றல், ஒரே காட்சியுள் இவ்விரண்டையும் அடக்கியதில் உள்ளது. அதன் எல்லையும் அங்கேயே உள்ளது. கதவடைத்து உண்ணும் நாணத்தைப் புலவர் உணர்ந்தார், எந்தக் கீரையை எங்கே எப்போது கிள்ளுவது என்ற அறிவை அவர் பாடுபொருளாக்கவில்லை.

எனினும், பழம்புலவரின் கூர்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. கறையான் அரித்த புழுதியிலே காளான் பூத்தது என்று நத்தத்தனார் கூறியது வெறும் அலங்காரம் அன்று. கறையானுக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து தோமஸ் பெட்ச் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்து, கறையான் புற்றுகளிலுள்ள பங்கசுக்கள் பற்றிய நீண்ட கட்டுரையை 1906இல் வெளியிட்டார். நத்தத்தனார் கண்ட சுவர்க்காளான் பெட்ச் ஆராய்ந்த இனந்தானா என்பது வேறு வினா. இரண்டையும் அருகருகே கண்டு, ஒரே தொடருள் இணைத்த கண் அவருடையது என்பதே இங்குக் கருதத்தக்கது.

3

சங்ககாலத்துக்குப் பிற்பட்ட வழக்குகளிற் காளானின் நிலை மேலும் தாழ்ந்தது. மனுதர்ம சாத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம், இருபிறப்பாளர் உண்ணத்தகாதவற்றுள் வெள்ளுள்ளி, வெங்காயம் ஆகியவற்றோடு காளானையும் சேர்த்துக் கூறுகிறது. அறிந்தே உண்டவர் தம் நிலையினின்று இழிவர் என்றும் விதிக்கிறது. தடை விதிக்கப்பட்ட உணவு, தடையை விதித்தோருக்குக் கீழே வைக்கப்பட்டவரின் உணவாக இனங்காணப்படுதல் இயல்பு. உணவை இழிவுபடுத்துவது, உண்போரை இழிவுபடுத்துவதன் மறுபக்கமாகும்.

பேச்சுவழக்கிலும் இப்பார்வை நிலைபெற்றுள்ளது. 'நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. குலப்பெருமையும் நிலவுடைமையும் இல்லாது திடீரென முன்னுக்கு வந்தவரை ஏளனஞ் செய்தற்கு அது வழங்குகிறது. இது நிலத்தில் நெடுங்காலம் வேரூன்றியவரின் மொழி. வேரில்லாதவர், வரலாறு இல்லாதவர் என்று பிறரைக் கூறத்தக்க இடத்தில் இருப்போரே இதனைக் கூற இயலும்.

ஆயின், இப்பழமொழி இயற்கை உண்மைக்கு முரணானது. நாம் காணும் குடை, காளானின் முழு உடல் அன்று. மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரந்து கிடக்கும் நுண்ணிழைகளே அதன் உண்மையான உடல். குடை அதன் வித்திகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. புற்றுக்காளானைப் பொறுத்தவரை இது இன்னும் வியப்புக்குரியது. கறையான்கள் தாவரப் பொருள்களைச் சுமந்து வந்து, புற்றுக்குள்ளே தேனடை போன்ற தோட்டமொன்றை அமைத்து, அதிலே அப்பங்கசை வளர்த்து உண்கின்றன. மனிதர் வயல் உழத் தொடங்குவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிய வேளாண்மை அது. உயிருள்ள கறையான் கூட்டத்தைச் சார்ந்தே அது வாழ்வதால், சிப்பிக்காளானைப் போலப் பொலித்தீன் பைகளில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்பும் முறை இதற்கு இன்றுவரை கைகூடவில்லை. மழை அதனைப் பிறப்பிப்பதில்லை, நெடுங்காலம் நிலத்தடியில் நடந்த உழைப்பை வெளியே அழைக்க மட்டுமே செய்கிறது. நேற்றைய மழைக்கு இன்று முளைத்தது என்று கூறுவோர், மழையைக் கண்டனர், மண்ணைக் காணவில்லை.

இலங்கையின் மலையகத் தமிழரை நோக்கி இதே மொழி பேசப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. 'நேற்று வந்தவர்' என்ற கருத்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமாக வடிவெடுத்தது. அம்மக்களுள் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மக்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. வரலாறு அற்றவர் என்று கூறப்பட்டோரின் வரலாறு, காளானின் நுண்ணிழை போன்று நிலத்தின் மேல் தெரியாது பரந்து கிடந்தது.

4

அவ்வரலாற்றின் திருப்புமுனையொன்றையே ஒரு பங்கசு தீர்மானித்தது என்பது இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது.

மாத்தளை, கோப்பிக்காலத்தின் முதன்மையான வாயில்களுள் ஒன்று. மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளூடாகக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர், தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டை அடைந்த இடம் மாத்தளை. வழியிற் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோர் பல்லாயிரவர். 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் மேற்கொள்ளப்பட்டமைக்கு இதுவே காரணம்.

இத்தோட்டங்களுக்கான நிலம் எவ்வாறு பெறப்பட்டது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புத் தடைச்சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்கு உரியன எனக் கொண்டது. கண்டிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் விறகும் தேனும் கீரையும் காளானும் எடுத்தும் வந்த நிலம், ஒரே எழுத்தில் 'தரிசு' ஆயிற்று. 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயின, எனினும் நிலமிழந்தோரின் மனக்குமுறலை அதிலிருந்து பிரித்துநோக்க இயலாது. காட்டை இழந்தவன் சிங்கள விவசாயி. இழந்த காட்டை அழித்துக் கோப்பி நட அழைத்துவரப்பட்டவன் தமிழ்த் தொழிலாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்திய ஏற்பாடு இருவராலும் செய்யப்பட்டதன்று.

1869இற் கோப்பி இலைகளில் மஞ்சட் செந்நிறத் துருப்போன்ற நோய் தோன்றிற்று. பேராதனையிலிருந்து துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பேர்க்லி, அதனைப் புதியதொரு பங்கசு எனக் கண்டு 'ஹெமிலேயா வாஸ்ராற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆய்வு நடத்திய மார்ஷல் வார்ட், வித்திகள் காற்றாற் பரவுவதையும், இலையின் மேல் நீர் தங்கும்போது முளைப்பதையும் விளக்கினார். காட்டை ஒழித்து, மைல் கணக்கில் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்ட முறையே நோய்க்குப் பாதை அமைத்தது என்பது அவரது ஆய்விலிருந்து பெறப்படும் பாடம். 1880களின் இறுதிக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. உயரங் குறைந்த சரிவுகளில் கொக்கோவும், பின்னர் இறப்பரும் பரவின.

ஒரே மழை தோட்டத்துரைக்கு நோயையும் தொழிலாளிக்குக் காளானையும் கொண்டுவந்தது. துரைமாரின் நட்டம் அறிக்கைகளாகவும் ஆய்வுநூல்களாகவும் பதிவாயிற்று. தொழிலாளர் பெற்ற உணவு பதிவாகவில்லை. காளானைப் பற்றிய அறிவு இரண்டாகப் பிரிந்தது: ஒன்று இலத்தீன் பெயரோடு அரும்பொருட் கூடத்துக்குச் சென்றது, மற்றொன்று தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகச் சென்றது. முதலாவதற்கு ஆவணம் உண்டு. இரண்டாவதற்கு மடி மட்டுமே உண்டு.

5

வாய்மொழியாக வந்த அறிவைப் பதிவுசெய்ய வேண்டியது மலையக இலக்கியமே என்று நாம் எதிர்பார்ப்பது இயல்பு. அவ்விலக்கியத்தின் சாதனை பெரிது. சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதை 1954இல் நூலாயிற்று. தேயிலையின் அடியிற் புதையுண்டு, நினைவுச்சின்னமோ காட்டுமலரோ இன்றிக் கிடக்கும் முன்னோரை அது உலகறியச் செய்தது. மக்களிடையே வழங்கிய பாடல்களைத் திரட்டி அவர் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பாகத் தந்தார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள், என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' முதலியன தமிழ்ப் புனைகதையின் உலகை விரிவாக்கின. பெரட்டு, கங்காணி, கணக்கப்பிள்ளை, லயம், நிறுவை என்னுஞ் சொற்கள் இலக்கியத் தகுதி பெற்றமை இவர்களாலேயே.

ஆயினும், இவ்விலக்கியத்தையும், அதைவிட அதனைப் பற்றிய நமது விமரிசனத்தையும், ஒரு படிமம் அளவுக்கு மீறி ஆண்டுவந்துள்ளது. அது கூடை. கூடை சுமந்த பெண் மலையகத்தின் முத்திரையாகிவிட்டாள். கூடை நிறுக்கப்படுவது. அதிற் குறைக்கப்படும் இறாத்தலுக்கும் மறுக்கப்படும் பேருக்கும் எதிரான போராட்டம் நியாயமானது, இலக்கியத்துக்கு உரியது. எனினும், கூடை முதலாளியின் கணக்குக்குள் வரும் உழைப்பை மட்டுமே காட்டுகிறது. பேர் விழாத நாளில் அடுப்பு எரிந்தது எவ்வாறு என்ற வினாவுக்குக் கூடை விடை தராது. விடை மடியில் உள்ளது. மடியில் வந்த கீரையும் காளானும் விறகுச் சுள்ளியும் எந்தத் தராசிலும் ஏறியதில்லை.

மடியின் உழைப்பு இலக்கியத்தில் முற்றாக இல்லை என்பது என் கருத்தன்று. கதைகளின் ஓரங்களில், பின்னணி விவரமாக அது வந்துபோகும். கேள்வி அது வந்ததா என்பதன்று, கதையின் அச்சாக அது எப்போதேனும் கொள்ளப்பட்டதா என்பதே. முற்போக்கு விமரிசகராகிய நாமும் இக்குறைக்குப் பொறுப்பேற்க வேண்டும். உழைப்பு என்றால் கூலி உழைப்பு, போராட்டம் என்றால் வேலைநிறுத்தம், பாத்திரம் என்றால் சங்கத் தலைவன் என்று நாம் வகுத்த அளவுகோல்கள், பெண்களின் கூலியற்ற உழைப்பை 'வீட்டு விவகாரம்' என ஒதுக்கின. பேரை மறுக்கும் கணக்கப்பிள்ளையை நாம் சரியாகவே கண்டித்தோம். பேர் இல்லாத நாளின் கணக்கை நாமும் எழுதவில்லை.

இவ்விடத்தே சிறுபாணாற்றுப்படையின் கிணைமகளை மீண்டும் நினைத்தல் தகும். அவள் கதவடைத்து உண்டாள். யட்டவத்தவில் நான் கண்ட அம்மாயி மடியை விரித்துக்காட்டியே லயத்துக்குத் திரும்பினார். எதிர்ப்பட்ட சிறுவரிடம் எத்தனை கிடைத்தன என்று பெருமையோடு கூறினார். அடுத்த காம்பராவுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார். புரவலனின் மதிப்பை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு வறுமை நாணத்துக்குரியது. தன் அறிவாலும் கையாலும் தேடி எடுத்தவருக்கு நாணுதற்கு எதுவும் இல்லை. இந்த மாற்றம் இலக்கியத்துக்குப் புதிய உணர்ச்சியொன்றைத் தரக்கூடியது. நமது இலக்கியம் அதனை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

6

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். காளான் தேடும் நடையை இயற்கையோடியைந்த இன்பவாழ்வு எனப் பாராட்டுவது பெரும் பிழையாகும். நகரத்திலிருந்து செல்வோருக்கு மழைக்குப் பிந்திய காடு அழகுக் காட்சி. பேர் இழந்தவருக்கு அது அட்டைக்கடியும் பாம்பச்சமும் நிறைந்த வேலைத்தலம். தவறான ஒரு குடை குடும்பத்தையே கொல்லக்கூடும். 1973 - 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் உயிர்களைப் பறித்தது. காட்டுக்கீரையும் கிழங்கும் அன்று இன்பப் பொருள்களாக இருக்கவில்லை. மேலும், கூலியால் உண்ண முடியாத குடும்பத்தைக் காடும் பெண்ணும் சேர்ந்து ஊட்டியதனாலேயே அக்குறைந்த கூலி நிலைத்து நிற்க முடிந்தது என்பதையும் நோக்கவேண்டும். மடியில் வந்த காளான், கூலி கொடுத்தவரின் செலவை மறைமுகமாகக் குறைத்த காளானுமாகும். ஆகவே அதனைப் புகழ்ந்தால் மட்டும் போதாது, கணக்கிற் சேர்க்கவும் வேண்டும்.

அம்மாயியின் அறிவும் குறையற்றதன்று. இடி விழுந்த இடத்திலேதான் காளான் முளைக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். பங்கசு எங்ஙனம் வாழ்கிறது என்பதை விஞ்ஞானமே விளக்கிற்று. ஆயின், எந்தச் சரிவில் எந்த வாரத்தில் எது தோன்றும் என்ற அறிவு அவரிடமே இருந்தது. ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக நிறுத்துவதால் இரண்டும் இழக்கப்படும். பெட்ச் ஆராய்ந்த பேராதனையிலிருந்து யட்டவத்த நெடுந்தொலைவில் இல்லை. இரண்டு அறிவுகளுக்கும் இடையிலுள்ள தூரமே பெரிது.

அத்தூரத்தைக் குறைக்கும் பணியிற் பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்குத் தெளிவான பங்கு உண்டு. தோட்டத்துப் பெண்கள் வழங்கும் காளான் பெயர்களும், அவற்றை இனங்காணும் அடையாளச் சொற்களும், அயற் கிராமங்களின் சிங்களப் பெயர்களோடு சேர்த்து, தாவரவியல் மாணவரின் துணையோடு திரட்டப்பட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஆம்பியை அறியும். லயத்துச் சொற்களை அறியும் அகராதி இனித்தான் எழுதப்பட வேண்டும். முதியோர் ஒவ்வொருவராக மறைய, இளையோர் ஆடைத்தொழிற்சாலைகளுக்கும் கொழும்புக்கும் சென்றுவிட, இச்சொற்கள் விரைந்து அழிகின்றன. அன்றைய நடையில் அம்மாயியின் பேத்தி எங்களோடு வரவில்லை. அவள் நகரத்துக் கடையொன்றில் வேலைசெய்கிறாள், அவ்வேலைக்கு மழைநாளிலும் பேர் உண்டு. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயின், பேர் கிடைத்ததற்கு விலையாக அவள் பாட்டியின் அறிவு இழக்கப்படவேண்டும் என்பது இயற்கை நியதியும் அன்று.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய புலவர், எரியாத அடுப்பிற் காளான் பூத்ததைக் கண்டார். அக்காட்சி நமது இலக்கியத்தின் நிலையான செல்வம். காளானைத் தேடிச் சென்று அதே அடுப்பை மீண்டும் எரியவைத்தவரின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. அதனை எழுதப் புகுவோர் கூடையோடு மடியையும் எண்ணவேண்டும்.